வானத்தின்மேல் போட்ட பழி

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களில் பாதிப்பேர் ஹெப்சிபாவை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் குரல் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை ராயபுரம் மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டே கடைக்காரனிடம் அவள் ஏதோ சொல்ல, பின்னால் நின்ற ஒருவன் திரும்பிப் பார்த்து, வயர்லெஸ்ஸில் பேசுகிற எப்சி மேடம் நீங்கள்தானே என்று கேட்டான். கடலில் காற்று ஏறும்போது அந்தக் குரல் வந்தால் பாதி பயம் போய்விடும் என்றான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பிறந்தது சி.எஸ்.ஐ. குடும்பத்தில். ராயபுரத்துக்கு மருமகளாக வந்தபிறகு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். கணவன் ஜெனிஷ் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்த வெல்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டியபிறகுதான் வருவான். பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள்.

அவள் வேலை பார்த்த இடம், மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சந்தில், ஐஸ் உடைக்கும் கூடத்துக்கு மேல்மாடி. படகு வைத்திருக்கிற நாற்பத்தாறு பேர் சேர்ந்து நடத்திய சிறிய சங்கத்தின் அலுவலகம் அது. வானிலை எச்சரிக்கை வந்தால் கடலில் இருக்கும் படகுகளுக்குச் சொல்ல வேண்டும். படகிலிருந்து வரும் செய்தியை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். எது எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று ஒரு தடித்த நோட்டில் எழுத வேண்டும். பதினொரு வருடமாக இதைச் செய்துவந்தாள்.

வயர்லெஸ் கொஞ்ச தூரம்வரைதான் எட்டும். அதற்கு அப்பால் போன படகுக்குக் கரையிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் படகுகளில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். கரையில் கம்ப்யூட்டரில் நாலு வரி அடித்து அனுப்பினால், அது செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து படகின் பெட்டிக்கு இறங்கி, டிரைவரின் கைப்பேசியில் தமிழில் தெரியும். முதல் நாள் ஒரு படகிலிருந்து பதில் வந்தபோது, நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் சாப்பிட்டாச்சா என்று கேட்டிருந்தான். ஹெப்சிபாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

போன வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜெனிஷின் அக்கா மகளுக்கு வியாழக்கிழமை நிச்சயதார்த்தம். எம்.சி. ரோட்டில் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வேண்டியிருந்தது. வானம் வெளிறிக் கிடந்தது. காற்றே இல்லை. பன்னிரண்டு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனாள். அரை மணியில் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கடையில் போட்டுப் பார்த்தால் கை இறுக்கமாக இருந்தது. பிரித்துத் தைத்துத் தருகிறோம், உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தாள். அது முடிய நேரமாகும் என்று தெரிந்ததும் பக்கத்துக் கடையில் போட்டிருந்த தள்ளுபடியைப் பார்க்கப் போனாள். நாலைந்து சேலை பிரித்துப் பார்த்து, ஒன்றும் எடுக்காமல் வந்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எச்சரிக்கை வந்து கம்ப்யூட்டரில் கிடந்தது. பழவேற்காட்டுக்குக் கிழக்கே பிற்பகலில் இடியுடன் சூறைக்காற்று, படகுகள் உடனே கரை திரும்பவும் என்று. அவள் அதைப் பார்த்தபோது மணி மூன்று இருபது. பையைக்கூட இறக்காமல் நின்றபடியே அடித்து அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்குப் பச்சை அடையாளமும் வந்தது. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்பே காற்று அடித்துவிட்டது.

சங்கத்துப் படகுகள் பதினொன்று அந்தப் பக்கம் இருந்தன. பத்து தள்ளாடித் தப்பின. ஒன்று, வலையை இறக்கி இழுத்துக்கொண்டிருந்த நேரம், பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. ஏழுபேரில் ஆறுபேரை அருகிலிருந்த படகு தூக்கியது. ஏழாவது ஆள் டெரிக். இருபத்தாறு வயது. மீன் விற்கும் சிலுவையம்மாளின் ஒரே மகன். இரண்டாம் நாள் காட்டுப்பள்ளிக்கு வடக்கே கரையொதுங்கினான்.

செவ்வாய்க்கிழமை மாலையே, டெரிக்கைக் காணோம் என்று மட்டும் தெரிந்திருந்த நேரத்தில், சங்கச் செயலாளர் ஃப்ரெடி மாடிப்படி ஏறி வந்தார். முகமெல்லாம் வியர்வை. எச்சரிக்கை வந்ததா, படகுகளுக்கு அனுப்பினாயா என்று கேட்டார். அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி, நான் இடத்தில் இல்லை என்று. வாயில் வந்தது வேறு.

"போட்டேண்ணே. போவல. சிக்னலே இல்ல. மூணு இருவதுக்கு மேலதான் வந்துச்சு."

ஃப்ரெடி அவள் தோளில் தட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் அவள் அப்போதே உடைந்திருப்பாள். அவர் சந்தேகப்படவில்லை.

வேறு யாரும் சந்தேகப்படவில்லை. அந்த மாதங்களில் செய்தித்தாள்களில் அடிக்கடி ஒரு விஷயம் வந்துகொண்டிருந்தது. போர் நடக்கும் கடல்களில் யாரோ செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்பிவிடுவதால், தண்ணீரில் நிற்கும் கப்பல் ஏதோ விமான நிலையத்தில் நிற்பதாகக் கருவி காட்டுகிறது என்று. டீக்கடையில் அதை வாசித்துச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. நம் சிக்னலையும் எவனோ அமுக்கிவிட்டான் என்று ஒருவர் சொன்னார். மறுநாள் விடிவதற்குள் துறைமுகம் முழுக்க அதுதான் பேச்சு. ஹெப்சிபா அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டுக்குக் கிளம்புமுன் நோட்டைத் திறந்தாள். 12.55 அனுப்பியது, போகவில்லை, 3.20 வரை சிக்னல் இல்லை என்று எழுதினாள். பதினொரு வருடத்தில் அந்த நோட்டில் அவள் எழுதிய முதல் பொய். நிதானமாக, எழுத்து எழுத்தாக, அழகாக எழுதினாள். பின்னால் யோசிக்கும்போது அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கிறுக்கியிருந்தாலாவது பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஃப்ரெடி கெட்டவரில்லை. முப்பது வருடம் கடலுக்குப் போனவர். டெரிக்கின் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். இனி ஒருவன் இப்படிச் சாகக் கூடாது என்று மனசாரவே நினைத்தார். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களுக்கு நாடு காவல் போட வேண்டும், அதற்கு எவ்வளவு செலவானாலும் செய்ய வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். திருவொற்றியூரில் ஒரு நூலகத்து மாடியில் மாதக் கடைசி ஞாயிறு மாலை விவாதக் கூட்டம் நடக்கும். ஆகஸ்ட் மாதத் தலைப்பு, நம் செயற்கைக்கோள்களுக்கு ராணுவப் பாதுகாப்பு வேண்டுமா என்பது. ஃப்ரெடி ஹெப்சிபாவையும் கூட்டிக்கொண்டு போனார். தலைவலி என்று அவள் சொல்லிப் பார்த்தாள். டெரிக்குக்காக வா என்றார். அதற்குமேல் அவளுக்கு மறுக்க வாயில்லை.

வேண்டாம் என்ற பக்கத்துக்குப் பேசியவர் பக்தவச்சலம். வியாசர்பாடிக்காரர். மணலியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சங்கத்தில் இருந்த காலத்திலிருந்தே ஆயுதத்துக்குச் செலவு செய்வதை எதிர்த்துப் பேசிவந்தவர். கூட்டத்துக்கு எப்போதும் இரண்டு பக்கம் குறிப்பெழுதிக்கொண்டு வருவார். சில வருடத்துக்கு முன் நம் நாடே தன் செயற்கைக்கோள் ஒன்றைச் சுட்டு உடைத்துக் காட்டியதை அவர் நினைவுபடுத்தினார். உடைந்த துண்டு எந்த நாட்டுக் கொடி என்று பார்த்து மோதாது, சுட்டவன் பொருளையும் அது உடைக்கும் என்றார். நாம் ஒரு காவல் வைத்தால் அடுத்தவன் அதை மிஞ்ச ஒன்று வைப்பான், அதற்கு முடிவே இல்லை என்றார். எங்கள் தெருவில் மழை பெய்தால் இடுப்பளவு தண்ணீர், அதற்கு மோட்டார் கேட்டுப் பத்து வருடமாக மனு கொடுக்கிறோம், வானத்துக்குப் போகிற காசு ஏன் எங்கள் தெருவுக்கு வராது என்று கேட்டார். கைதட்டினார்கள்.

வேண்டும் என்ற பக்கத்துக்கு நவ்ரீன் என்ற கல்லூரி ஆசிரியை பேசினாள். புயல் எச்சரிக்கை, கப்பல் வழி, ரயில் எங்கே நிற்கிறது என்ற தகவல் எல்லாமே மேலிருந்துதான் வருகிறது, ஒருநாள் அது நின்றால் முதலில் சாகப்போவது ராணுவக்காரன் இல்லை, நம் தெருக்காரன்தான் என்றாள். பாதுகாப்பு என்றால் சுடுவது மட்டும் இல்லை என்றும் சொன்னாள். ஒன்று கெட்டால் மாற்றுக்கு இன்னொன்று வைத்திருப்பது, யாராவது குழப்பினால் உடனே கண்டுபிடிப்பது, அதற்கும் காசு வேண்டும் என்றாள். நல்ல பேச்சு. ஆனால் கூட்டம் இன்னும் பக்தவச்சலத்தின் பக்கம்தான் இருந்தது.

அப்போது ஃப்ரெடி எழுந்து ஹெப்சிபாவை அறிமுகப்படுத்தினார்.

அவள் நாலு நிமிடம் பேசினாள். எச்சரிக்கை வந்தது, அடித்தேன், போகவில்லை, திரும்பத் திரும்ப அடித்தேன், போகவே இல்லை என்றாள். வயர்லெஸ்ஸில் பேசிப் பழகிய குரல், கூடத்தின் கடைசி வரிசைவரை தெளிவாகப் போனது. திரும்பத் திரும்ப அடித்தேன் என்பது அதற்குமுன் அவள் யாரிடமும் சொல்லாதது. மேடையில் புதிதாகச் சேர்ந்துகொண்டது. சொல்லும்போது அழுகையும் வந்தது. அந்த அழுகை மட்டும் நிஜம்.

பதில் சொல்ல வேண்டியது பக்தவச்சலம். அவர் எழுந்தார். கையிலிருந்த தாள்களை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாக அந்த மனிதர் பாதியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது பெண்கள் ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. உருவிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு வயர்லெஸ்ஸில் அவளுக்குச் சரியாகப் பேச வரவில்லை. இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாள். டெரிக்கை நினைத்துத் துக்கத்தில் இருக்கிறாள் என்று படகுக்காரர்கள் நினைத்தார்கள். அவளைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அவர்களும் குறைவாகப் பேசினார்கள். வீட்டில் ஜெனிஷ் என்ன உடம்பு என்று இரண்டுமுறை கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் சிலுவையம்மாள் மாடிக்கு வந்தாள். அறுபது வயது. ஏலம் முடிந்து கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி ஏறி வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு, மீன் ஈரம் என்று தரையிலேயே உட்கார்ந்தாள். அந்தச் சாட்டிலைட் இந்தப் பெட்டியில் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, படகுகள்தான் தெரியும் என்று ஹெப்சிபா சொன்னாள். சிலுவையம்மாள் திரையில் இருந்த பச்சைப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தாள்.

"சிக்னல யாரு வெட்னதுன்னு தெரிஞ்சுதா எப்சி? எந்த நாட்டுக்காரனாம்?"

"தெர்லக்கா."

"அவன் ஊட்லயும் ஒரு அம்மாக்காரி இருப்பா இல்ல?"

ஹெப்சிபா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இருந்தாள். சிலுவையம்மாள் எழுந்து, நீயாச்சும் எம்புள்ளைக்கு நாலு தடவ அடிச்சியே என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். கன்னத்தில் மீன் வாசனை மாலைவரை இருந்தது. அவள் கழுவவில்லை. கழுவினால் அது இன்னொரு அவமரியாதை என்று பட்டது.

அந்த வாரமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்து ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டாள். இப்படிப் பதினைந்து நாள் போனது.

பதினாறாம் நாள் காலை பக்தவச்சலம் வந்தார். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் ஒரு ரெக்சின் பை. அதிலிருந்து எடுத்து அவள் மேசையில் வைத்தது ஒரு மனு. அவரே கையால் எழுதியது. நம் செயற்கைக்கோள்களுக்குத் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்படி அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்ளும் மனு. கீழே ஏழு தாளில் கையெழுத்துகள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தண்ணீர் தேங்குகிற அதே தெருக்காரர்கள். வீடு வீடாகப் போய் அவர்களுக்கு ஹெப்சிபாவின் கதையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இத்தனை வருடம் நான் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டேனம்மா என்றார். அவளிடம் மன்னிப்புக் கேட்கிற தொனி.

நேரத்தை மட்டும் சரிபார்க்க வந்திருக்கிறார். எழுதுகிற விஷயத்தில் ஒரு நிமிடம் தப்பாக இருந்தாலும் மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அதற்காகவே முதல்நாள் துறைமுகத்துக்குப் போய், அன்று கடலில் இருந்த இன்னொரு படகின் டிரைவரைப் பார்த்துப் பேசியிருந்தார். அங்கேதான் ஒரு சிக்கல்.

"அந்தத் தம்பி சொல்றாரு, ஒண்ணு பத்துக்கு அவரு பெட்டில, கவர்மெண்டு அனுப்புற, மீன் எங்க கீதுன்ற மெசேஜ் வந்துச்சாம். போன்ல காட்டுனாரு. நானே பாத்தேன். அப்ப சிக்னல் இருந்திருக்கு இல்லம்மா?"

பிடிபட்டுவிட்டோம் என்று ஹெப்சிபா நினைத்தாள். ஒரு நொடி அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் பக்தவச்சலம் அவளைச் சந்தேகப்பட வரவில்லை. இரவெல்லாம் யோசித்து அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மற்ற செய்திகளை விட்டுவிட்டு, எச்சரிக்கையை மட்டும் குறிபார்த்துத் தடுத்திருக்கிறார்கள், அப்படியென்றால் இது இன்னும் பெரிய சதி, இதையும் மனுவில் சேர்த்துவிடலாமா என்று கேட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேனாவைத் திறந்து, அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்.

எதையும் கேள்வி கேட்காமல் ஏற்காத மனிதர் அவர். கண்ணெதிரே கிடந்த பொய்யை அவர் பார்க்கவில்லை. ஒரு பெண் செத்தவனை வைத்துப் பொய் சொல்வாள் என்று அவரால் நினைக்க முடியவில்லை. அதனால் அவர் தன் புத்தியையே வளைத்துக்கொண்டார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் ஹெப்சிபாவால் முடியவில்லை.

"எழுதாதீங்க ஐயா. சிக்னல் இருந்துச்சு. நான்தான் இங்க இல்ல."

எங்கே போயிருந்தாள், எப்போது வந்தாள், நோட்டில் என்ன எழுதினாள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜாக்கெட்டையும் சொன்னாள், தள்ளுபடிச் சேலையையும் சொன்னாள். முடிந்ததும் பக்தவச்சலம் பேனாவை மூடினார். மனுத்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் சேர்த்துத் தட்டி, பையில் வைத்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இரநூத்திப் பன்னெண்டு வூடு," என்றார். "நான் திரும்பப் போய்ச் சொல்லணும்." பை வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். "எங்கிட்ட சொன்னது கணக்கில்லம்மா. அந்தத் தாயிகிட்ட சொன்னாதான் சொன்ன மாதிரி."

அன்று பிற்பகலே ஹெப்சிபா சிலுவையம்மாள் வீட்டுக்குப் போனாள். தாமதித்தால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. ஒற்றை அறை வீடு. சிலுவையம்மாள் சாப்பிட்டுவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வா எப்சி என்று பாயைத் தள்ளிப் போட்டாள். ஹெப்சிபா உட்காராமல் நின்றபடியே சொன்னாள். இரண்டாவது முறை சொல்வதால் சுலபமாக இல்லை.

சிலுவையம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்க போயிருந்தேன்னு சொன்னே?"

"எம்.சி. ரோட்டுக்குக்கா. ஜாக்கெட்டு வாங்க."

சிலுவையம்மாள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு மாசமா தெனம் கோயில்ல முட்டி போட்டுகினு, அந்த நாட்டுக்காரன் புள்ளைங்க எல்லாம் கடல்ல செத்துப் போவணும்னு வேண்டிகினு கீறேன். யாருன்னே தெரியாத புள்ளைங்க. பாவ சங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொல்லிட்டு, மறுபடி போய் அதையே வேண்டுனேன். அந்தப் பாவத்த இன்னா பண்றது எப்சி?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் ஹெப்சிபா வந்திருந்தாள். அதைக் கேட்க இது இடமில்லை என்று புரிந்தது. டெரிக்கின் சாவுக்குப் பதில் சொல்வதற்கு மட்டும்தான் அவள் பயந்திருந்தாள். இப்படி ஒரு தாயின் வேண்டுதலை விஷமாக்கியிருப்போம் என்று அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை. போய்விடு என்று சிலுவையம்மாள் சொன்னாள். கோபமாக இல்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். ஹெப்சிபா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்து, அங்கேதான் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் ஜெனிஷிடமும் சொன்னாள். அவன் தட்டை நகர்த்திவிட்டு, என் அக்கா மகள் நிச்சயத்துக்கா என்று மட்டும் கேட்டான். நாலைந்து நாள் அவளோடு பேசவில்லை. ஆறாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, சங்கத்தில் சொல்லப்போகிறாயா, நான் வரவா என்று கேட்டான். வேண்டாம், தனியாகப் போகிறேன் என்றாள்.

ஃப்ரெடியிடம் முதலில் தனியாகச் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. இதை வெளியே சொல்லாதே என்றார். அவளைக் காப்பாற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. நாளைக்கு நிஜமாகவே எவனாவது சிக்னலை வெட்டலாம், அதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நிஜம்தானே, நீ சொன்னது பொய்யாக இருந்தாலும் விஷயம் பொய்யில்லையே என்றார். அவர் சொன்னதில் ஏதோ நியாயம் இருப்பதுபோல ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. தோன்றியதற்கும் வெட்கப்பட்டாள்.

"விஷயம் நெஜமா இருந்தா அதுக்கு என் பொய்யி எதுக்குண்ணே?" என்றாள்.

அக்டோபரில் சங்கப் பொதுக்குழுவில் எழுந்து சொன்னாள். நோட்டையும் திறந்து காட்டினாள். சத்தம் கிளம்பியது. ஒருவர் அவளைப் போலீஸில் கொடுக்க வேண்டும் என்றார். கவிழ்ந்த படகின் டிரைவர் எழுந்து, ஒரு மணிக்கு எச்சரிக்கை வந்திருந்தால் வலையை அறுத்துவிட்டாவது திரும்பியிருப்பேனா, இல்லை இன்னும் ஒரு இழுப்பு பார்க்கலாம் என்று இருந்திருப்பேனா, எனக்கே தெரியாது என்றார். அது அவளுக்கு ஆறுதலாகச் சொன்னதில்லை. அவரும் தன் பங்கைத் தேடிக்கொண்டிருந்தார். சங்கம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. ஒரு ஆளை மட்டும் நம்பி விட்டது எங்கள் தப்பும்தான் என்று தீர்மானம் போட்டு, அந்த மேசைக்கு இனி இரண்டு பேர் என்று முடிவு செய்தார்கள். அதிகாரிகள் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிறு திருவொற்றியூர் நூலகத்தில் பக்தவச்சலம் பேசுவதாகக் கேள்விப்பட்டு ஹெப்சிபா போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளை அடையாளம் தெரிந்தவர்கள் பக்கத்து நாற்காலிகளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். பக்தவச்சலம் அவள் பெயரைச் சொல்லாமல், தனக்குச் சொல்லப்பட்ட தகவல் தவறு என்றும், அதைச் சரிபார்க்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கொண்டுபோனது தன் குற்றம் என்றும் சொன்னார். பாதிப்பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். மீதிப்பேர், கதை பொய்யானாலும் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் நினைக்கிறோம், இருக்கட்டும் என்றார்களாம். ஒரு கிழவர் மட்டும், நீ இனிமேல் எந்தத் தாளோடும் என் வாசலுக்கு வராதே என்று சொல்லிவிட்டாராம்.

அப்படியானால் உங்கள் பழைய கட்சிக்கே திரும்பிவிட்டீர்களா என்று நவ்ரீன் கேட்டாள். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவங்க சொன்னது பொய்யின்றதுனால நான் முன்ன சொன்னது நெஜம்னு ஆயிடாதும்மா," என்றார். சுடுகிற ஆயுதம் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை, ஆனால் நவ்ரீன் சொன்ன மாதிரி மாற்று ஏற்பாடும் கண்காணிப்பும் வேண்டும்போலத் தோன்றுகிறது, எதுவரை போகலாம் என்பது தனக்கு இன்னும் பிடிபடவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். கைதட்டல் இல்லை. சிலர் எழுந்து போனார்கள். ஹெப்சிபா கூட்டம் முடிவதற்கு முன்பே படியிறங்கினாள். அவர் தன்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாரா, அல்லது பொதுவாகப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

இப்போது அவள் மாத்தூரில் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். பேச வேண்டாத வேலை. ஒரே ஒருமுறை மேற்பார்வையாளர், சீட்டு மாற்றி ஒட்டியது யார் என்று கத்தினார். அவள் யோசிப்பதற்கு முன்பே கை தூக்கிவிட்டாள். அன்று தப்புச் செய்தது அவள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அதே கோயிலுக்குத்தான் போகிறாள். வேறு கோயிலுக்குப் போகலாம் என்று ஜெனிஷ் சொன்னான். அது ஓடுவதாகும் என்று அவளுக்குப் பட்டது. தவக்காலத்தில் ஒருநாள், இடம் இல்லாமல் நடுவரிசையில் உட்கார வேண்டியிருந்தது. அவளுக்கு நேர் முன்னால் இருந்த பெஞ்சில் சிலுவையம்மாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும் எல்லோரும் கைகூப்பி இடமும் வலமும் திரும்பினார்கள். சிலுவையம்மாளும் கைகூப்பியபடி பின்னால் திரும்பினாள். ஹெப்சிபாவைப் பார்த்தாள். கூப்பிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்லக் கையை இறக்கிக்கொண்டு பீடத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஹெப்சிபாவின் கைகள் கூப்பியபடியே இருந்தன. எப்போது இறக்குவது என்று தெரியாமல், பாடல் தொடங்கி எல்லோரும் முழங்காலிடும்வரை அப்படியே நின்றாள்.